குனிந்தவனுக்கு வெட்டிய தோல்

மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்கள் இன்று அணிகிற, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உருப்படியாக வரும் தோல் உடைக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் இருந்த செயின்ட் ஹெலன்ஸ். கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன இடம். அங்கே ஃப்ராங்க் பார்க்கர் என்றொரு தையற்காரர் இருந்தார். அதே ஊர்ப் பந்தயக்காரரான ஜெஃப் டியூக், 1950-ஐ ஒட்டி அவரிடம் போய், உடம்போடு ஒட்டிக் கிடக்கிற மாதிரி ஒரு தோல் உடுப்பு தைத்துத் தரச் சொன்னார். விழுந்தால் அடிபடக் கூடாது என்பதற்காக அல்ல. காற்றுக்காக.

அதுவரை மேலே ஒரு தோல் கோட்டு, கீழே ஒரு தோல் கால்சட்டை என்று தனித்தனியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேகம் ஏற ஏறக் கோட்டு உப்பும், முதுகில் படபடவென்று அடிக்கும். டியூக் ஓட்டிய நார்ட்டனுக்கு ஒரே ஒரு சிலிண்டர். எதிரே வந்த இத்தாலியக் கிலேராக்களுக்கு நான்கு. குதிரைச் சக்தியில் முந்த வழியில்லாதபோது காற்றிடம் இழப்பதையாவது குறைக்க வேண்டும். 1950-இல் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தில் டியூக் வென்றார். 1955-க்குள் ஆறு உலகப் பட்டங்கள். பிந்தியவை கிலேராவுக்கே மாறிப்போய் வாங்கியவை. அந்த 1955-இல், மேன் தீவின் ஒரு சுற்றை மணிக்கு 100 மைல் சராசரியில் முடித்த முதல் ஆள் அவர் என்று அறிவித்துவிட்டு, பிறகு கணக்கைத் திருத்தி 99.97 என்றார்கள். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமான சுற்றில் அந்த 0.03 எவ்வளவு அற்பம் என்று பார்த்தால், ஒரு கோட்டின் படபடப்புக்கு அந்த மனிதர் ஏன் அவ்வளவு கவலைப்பட்டார் என்பது விளங்கும்.

இந்த உடையின் வாழ்க்கை முழுக்க இப்படித்தான் போகிறது. காற்றுக்காக வந்த ஒன்று உயிரைக் காக்கும் வேலையில் போய் அமரும். ஒட்டிய உடைதான் விழுந்தபின்னும் இருந்த இடத்தில் இருக்கும் என்ற உண்மை வேகத்தைத் தேடிப்போனவர்களின் மடியில் தானாக விழுந்தது.

உடைக்கு முன்னால் தோலின் கதை இருக்கிறது. பெரும்பாலும் மாட்டுத் தோல்தான். உரித்த சில மணி நேரத்துக்குள் உப்புப் போட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். பிறகு சுண்ணாம்பில் ஊறி முடி உதிரும், கறி வழித்தெடுக்கப்படும், பெரிய மர டிரம்களில் குரோமிய உப்போடு சுழலும். வெளியே வரும்போது தோல் வெளிர் நீல நிறத்தில் இருக்கும். தொழிலில் அதற்கு வெட் ப்ளூ என்று பெயர். அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் எடுத்த காப்புரிமை, 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் எடுத்தது, இரண்டும் சேர்ந்துதான் இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. அதற்கு முன் பெரும்பாலும் மரப்பட்டைதான். நம் பக்கம் ஆவாரம்பட்டை. அதில் பதனிட்ட தோலைத்தான் கிழக்கிந்தியத் தோல் என்று வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாக வாங்கினான். பட்டைத் தோல் செருப்புக்கும் பெட்டிக்கும் நல்லது, ஆனால் விறைப்பு அதிகம், சூட்டில் சீக்கிரம் சுருங்கும். நன்றாகச் செய்த குரோமியத் தோல் கொதிக்கும் நீரையே தாங்கும், துணிபோல மடங்கவும் செய்யும். தார்ச்சாலையில் உரசிக்கொண்டு போகும்போது உண்டாகும் சூட்டை நினைத்தால், மோட்டார் சைக்கிள்காரர்கள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நீலத்துக்கு வேறொரு விலை உண்டு, அதை வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் அறிவார்கள். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவைப் பற்றிய வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஆம்பூர்த் தோலில் பெரும்பகுதி காலணிக்குப் போகிறது, பந்தய உடைக்கு அல்ல. ஆனாலும் தோல் உடை என்பது மாட்டிலிருந்து நேராகக் கடை ஹேங்கருக்கு வந்த இயற்கைப் பொருள் என்று விளம்பரம் சொல்லும்போது, நடுவில் ஓர் ஆறு விடுபட்டுப் போகிறது.

பதனிட்ட மாட்டுத் தோல் பல மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதை இயந்திரத்தில் கொடுத்துக் கிடையாகச் சீவி, மேல் அடுக்கைத் தனியாகவும் அடி அடுக்கைத் தனியாகவும் பிரிப்பார்கள். மேல் அடுக்கில்தான் மயிர்க்கால் தடமும் நெருக்கமான நார்களும் இருக்கின்றன. கொலாஜன் நார்கள் மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதால், ஒரு நார் அறுந்தால் பக்கத்து நார் பிடித்துக்கொள்ளும். நெய்த துணிபோல இழை பிரிந்து ஓடாது. நல்ல உடைக்கு 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர்வரை தடிமனுள்ள மேல் அடுக்கு வேண்டும். அடி அடுக்கின் மேல் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டி, அச்சு வைத்து அழுத்தி, பளபளப்பான ‘அசல் தோல்’ ஜாக்கெட்டாக விற்பவர்களும் இருக்கிறார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது, தோல்தானே. வெட்டு முனை தெரிகிற இடத்தில், ஜிப்பின் ஓரத்திலோ உள்மடிப்பிலோ, கண் வைத்துப் பார்த்தால் மேலே ஒட்டியிருக்கும் படலம் தனியாகத் தெரியும்.

கங்காருத் தோல் இன்னொரு கதை. அதில் நார்கள் பெரும்பாலும் மேற்பரப்புக்கு இணையாகவே படுத்திருக்கும், அதனால் ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லியதாகச் சீவினாலும் உறுதி குறையாது. எடை குறையும், விலை ஏறும். பந்தயப் பாதைக்கு வெளியே ஓட்டுகிறவருக்கு அது ஓர் ஆடம்பரம் என்பது என் எண்ணம்.

ஒரு முழுத்தோலில் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகும் பின்தொடையும் இறுக்கம். வயிறும் கக்கமும் தளர்ச்சி, இழுத்தால் நீளும், இழுத்தபடியே நின்றுவிடும். வெட்டுகிறவர் அட்டை அச்சுகளைப் பரப்பும்போது தோள், முழங்கை, இடுப்பு, முழங்காலுக்கான துண்டுகளை முதுகுப் பகுதியில் வைக்க வேண்டும். வயிற்றுப் பகுதியை வீணாக்க மனமில்லாதவர் அதையும் எங்காவது சேர்த்துவிடுவார். கடையில் தொங்கும்போது வித்தியாசம் தெரியாது. ஒரு வருஷம் கழித்து முழங்கை தொளதொளத்து நிற்கும்போதுதான் தெரியும். பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் இத்தாலியின் விசென்சா வட்டாரத்திலும் இந்த வெட்டு வேலையில் தலைமுறையாக ஊறியவர்கள் இருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக் கருவிக்கும் கால்பந்துக்கும் பேர்போன சியால்கோட், உலகின் கணிசமான மோட்டார் சைக்கிள் தோலாடைகளையும் தைத்து அனுப்புகிறது. ஐரோப்பியப் பெயர் பொறித்த உடையை எந்த ஊர் விரல்கள் தைத்திருக்கும் என்று அந்தப் பெயரை வைத்து முடிவுகட்ட முடியாது.

அடுத்தது தையல். சாலையில் முதலில் தேய்வது தோல் அல்ல, வெளியே தெரியும் நூல். நூல் போனால் துண்டுகள் வாய் பிளக்கும், பிறகு தோல் எவ்வளவு தடித்ததாக இருந்தும் பயனில்லை. ஆகவே நல்ல உடையில் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு வரிசைத் தையலாவது தோலின் மடிப்புக்கு உள்ளே மறைந்திருக்கும். வெளியே தெரிகிற அலங்காரத் தையல் அறுந்தாலும் உள்ளே இருப்பது பிடிக்கும். அடிபடும் இடங்களில் இணைப்பே வராமல் பெரிய துண்டாக வெட்டுவது இன்னும் மேல். பல நிறத் துண்டுகளை ஒட்டுப்போட்டுச் சின்னம், எழுத்து, மின்னல் என்று அழகு சேர்த்த உடைகளில் இடுப்பெலும்பின் மேலேயே நான்கு தையல் ஓடுவதைப் பார்க்கிறேன். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

பார்க்கர் தைத்த மாதிரியான உடையில் தோலைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. மீதியெல்லாம் அடிபட்டவர்கள் சேர்த்தது. 1975-இல் அமெரிக்காவின் டேட்டோனாவில் பந்தயக்காரர் பேரி ஷீன் சுமார் 280 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின் டயர் வெடித்தது. தொடையெலும்பு, கை, கழுத்துப்பட்டை எலும்பு, விலா என்று நொறுங்கி, அடுத்த இரண்டு ஆண்டுகளும் உலகப் பட்டம் வாங்கினார். முதுகுத்தண்டுக்கு ஒரு காப்பு வேண்டும் என்ற அவருடைய எண்ணம், இத்தாலியின் மோல்வேனாவில் 1972-இல் லீனோ டெய்னீஸ் தொடங்கிய நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓடுகளாக, பின்பக்கம் வளையாமல் முன்பக்கம் மட்டும் குனிய விடும் முதுகுக் காப்பாக அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது உருவெடுத்தது. அதே காலத்தில் அமெரிக்கரான கென்னி ராபர்ட்ஸ் வளைவில் முழங்காலை வெளியே நீட்டித் தரையைத் தொட்டபடி திரும்புவதைப் பரவலாக்கினார். முழங்கால் தோலில் ஒரு பந்தயத்திலேயே ஓட்டை விழுந்தது. ஒட்டுப்பட்டையைச் சுற்றிக்கொண்டு சமாளித்தார்கள்; பிறகுதான் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் வில்லைகள் வந்தன.

பந்தய உடையின் முதுகில் இருக்கும் திமில் 1980-களின் கடைசியில் வந்தது. தலைக்கவசத்துக்குப் பின்னால் சுழலும் காற்றை வழுக்கிவிடத்தான். முதுகை உப்பிக் காட்டும் அந்தப் பொம்மைத்தனத்தைக் கேலி செய்தவர்கள் அநேகம். இன்று அதற்குள்தான் ஏர்பேக்கின் மூளை உட்கார்ந்திருக்கிறது. உடை தன் அசைவைத் தானே அளந்துகொண்டே இருந்து, ஓட்டுபவர் வண்டியிலிருந்து பிரிந்துவிட்டார் என்று முடிவெடுத்ததும் கண் இமைக்கும் நேரத்துக்குள் தோளையும் கழுத்துப்பட்டை எலும்பையும் சுற்றி வாயுவை நிரப்பிவிடும். 2018 முதல் மோட்டோஜிபி பந்தயங்களின் மூன்று பிரிவுகளிலும் இது கட்டாயம். காற்றுக்காக வைத்த இடம் மறுபடியும் காப்புக்குப் பயன்பட்டது.

நடுவில் சினிமா குறுக்கிட்டதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் இர்விங் ஷாட் 1928-இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென்று செய்த பெர்ஃபெக்டோ ஜாக்கெட், தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரை அவர் வைத்தது, விலை ஐந்தரை டாலர். 1953-இல் மார்லன் பிராண்டோ அந்தப் பாணி ஜாக்கெட்டைத் திரையில் போட்டபின், மோட்டார் சைக்கிளே இல்லாதவர்களும் அதை வாங்கினார்கள். அன்றிலிருந்து தோல் ஜாக்கெட்டில் இரண்டு குலம். ஒன்று நிற்பதற்கு, ஒன்று ஓட்டுவதற்கு. கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே கம்பியில் மாட்டிவைப்பதுதான் கஷ்டம்.

எது எந்தக் குலம் என்று பிரிக்க ஐரோப்பாவில் தரநிர்ணயம் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராடரிக் வுட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் உருவாக்கிய இயந்திரத்தில், மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் உப்புத்தாள் பட்டையின் மேல் துண்டை இறக்கி, ஓட்டை விழ எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். அதை வைத்து எழுந்த ஈஎன் 13595 என்ற தரத்தில், தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற இடங்கள் முதல் நிலைக்கு 4 விநாடியும் இரண்டாம் நிலைக்கு 7 விநாடியும் தாங்க வேண்டியிருந்தது. அதே இயந்திரத்தில் சாதாரண ஜீன்ஸ் துணி ஒரு விநாடி தாங்கினால் பெரிது. 2020-இல் வந்த ஈஎன் 17092 வேறு இயந்திரத்தில் சோதித்து, ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுக்கிறது. இந்தக் குறி உள்ளே தைத்த சீட்டில் இருக்க வேண்டும். வெளியே தொங்கும் அட்டையில் இருந்தால் அது அட்டையின் தரம்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து சறுக்குகிறவர் நிற்பதற்குத் தோராயமாக நான்கு விநாடி, ஐம்பது அறுபது மீட்டர் ஆகும். ஆஸ்திரேலியாவின் தலைநகர்ப் பகுதியில் விபத்தில் சிக்கிய 212 மோட்டார் சைக்கிள்காரர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. காப்புடை போட்டவர்கள் மருத்துவமனையில் படுத்தது குறைவு என்று கண்டார்கள். கூடவே, அடிபட்ட ஜாக்கெட்டுகளில் 29.7 சதவீதமும் கால்சட்டைகளில் 28.1 சதவீதமும் கிழிந்தோ தேய்ந்தோ தோற்றிருந்தன என்றும் கண்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கப்பட்ட உடைகள் அவை.

தரச்சீட்டு சொல்லாத ஒன்று, அந்த நான்கு விநாடியிலும் தோல் எங்கே இருக்கும் என்பது. இயந்திரத்தில் துண்டைக் கவ்வியால் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். மனிதன்மேல் பிடித்திருப்பது அளவு மட்டுமே. தொளதொளத்த கையில் முழங்கைக் காப்பு முதல் உருளலிலேயே முன்கையின் உள்பக்கம் போய்விடும். ஜாக்கெட் முதுகுவரை ஏறும். மடிந்து நிற்கும் தோல் தட்டையான தோலைவிட முன்னதாகத் தேயும். இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் தொங்கும் உடையைவிட 1.2 மில்லிமீட்டரில் ஒட்டிய உடையையே நான் எடுப்பேன்.

ஆகவே கடைக்குப் போகும்போது சட்டையும் பேண்டும் போட்டுக்கொண்டு போய் அதன்மேல் மாட்டிப் பார்ப்பது வீண். உள்ளே என்ன போட்டு ஓட்டுவீர்களோ, வியர்வையை உறிஞ்சும் மெல்லிய உள்ளாடை, முதுகுக் காப்பு, அதையெல்லாம் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நிற்கவே கூடாது. ஒன்பீஸ் உடையில் நிமிர்ந்தால் தோள் முன்னுக்கு இழுக்கும், முழங்கால் மடங்கியே நிற்கும், பார்க்கச் சகிக்காது. அது குறை அல்ல. கைகள் முன்னால் நீண்டு, முதுகு வளைந்து, முழங்கால் மடங்கிய ஓர் ஆளுக்காக வெட்டியது அது. நிற்கும்போது சுகமாக இருக்கிற பந்தய உடை உங்களுக்குப் பெரியது.

வாசலில் ஒரு வண்டி நின்றால் கேட்டு ஏறி உட்காருங்கள். இல்லாவிட்டால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகைப் பிடித்தபடி குனியுங்கள். அந்த நிலையில் வேறொருவர் முழங்கால் காப்பைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் திருகிப் பார்க்கட்டும். மூட்டைவிட்டு நகர்ந்தால் அந்த உடை ஆகாது. முழங்கை, தோள், இடுப்பு எல்லாவற்றுக்கும் இதே சோதனை. கை நுனி மணிக்கட்டைத் தாண்டி இருக்க வேண்டும். குனிந்து கையை நீட்டியதும் கையுறைக்கும் ஸ்லீவுக்கும் நடுவே சதை தெரிந்தால் விழும்போது அங்கேதான் உரியும். தலைக்கவசத்தையும் கொண்டுபோங்கள். டாங்கின்மேல் படுத்துத் தலையைத் தூக்கிச் சாலையைப் பார்க்கும்போது கவசத்தின் பின்விளிம்பு திமிலில் இடித்தால், அந்த உடையில் கழுத்து வலிதான் மிச்சம். டூபீஸ் வாங்குகிறவர்கள் இணைக்கும் ஜிப் இடுப்பு முழுக்கச் சுற்றி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஜிப் வைத்தவை, சறுக்கலில் பக்கவாட்டில் வாய் திறக்கும்.

“போகப் போக லூஸ் ஆயிடும் சார்” என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. சுற்றளவில் தோல் கொஞ்சம் இளகும், மார்பிலும் தொடையிலும் முதல் சில வாரம் இறுக்குவது நல்ல சகுனம்தான். நீளத்தில் இளகாது. கழுத்திலிருந்து கவட்டுவரை உள்ள நீளம் குறைந்த ஒன்பீஸ், எத்தனை வருஷம் ஓட்டினாலும் தோளை இழுத்துக்கொண்டே இருக்கும், கவட்டில் வெட்டும். நீண்ட உடலும் குட்டைக் காலும் உள்ளவர்களுக்கு ஐரோப்பிய அளவுகள் இந்த இடத்தில்தான் காலை வாரும். எண்ணைப் பார்க்காதீர்கள், ஒரு நிறுவனத்தின் 52 இன்னொன்றின் 50-க்குச் சமமாக இருக்கலாம். அக்குள், முழங்காலுக்கு மேல், இடுப்புக்குப் பின் ஆகிய இடங்களில் கொசுவம் வைத்த நெளிதோலும் நீளும் துணியும் இருக்கும். குனிந்த நிலையில் கொசுவம் முழுக்க விரிந்து இறுகியிருந்தால் உடை சிறியது, கொஞ்சம் மிச்சமிருந்தால் சரி. ஏர்பேக் உள்ள உடையில் உப்புவதற்கு இடமும் வேண்டும். அதை இரண்டாம் தோல்போல இறுக்கமாக வாங்கக் கூடாது.

பெண்களுக்கென்று வெட்டிய உடைகள் இப்போது வருகின்றன. ஆண்கள் அளவில் சிறியதை எடுத்துக்கொடுத்து அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. இடுப்பில் சரியானால் தோளில் காப்பு கைக்கு வழியும், தோளில் சரியானால் ஜிப் ஏறாது. தைத்து வாங்குவதே அவர்களுக்குச் செலவு குறைந்த வழி. அளவு எடுக்கிறவர் குனிய வைத்தும் ஒருமுறை அளக்கிறாரா என்பதைக் கவனியுங்கள். நிற்க வைத்து மட்டும் அளந்தால் அவர் கோட்டு தைக்கிறவர்.

சென்னைப் பக்கம் வெயிலைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஏப்ரல் மாதம் தோல் உடையோடு நிற்பது தண்டனைதான், ஓடும்போது அவ்வளவு இல்லை. மார்பிலும் தொடையின் முன்பக்கத்திலும் நுண்துளை போட்ட தோல் காற்றை உள்ளே விடும். தோளிலும் இடுப்பின் பக்கவாட்டிலும் துளையிட்டிருந்தால் அடிபடும் இடத்தையே பலவீனமாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அண்ணா சாலையில் அலுவலகம் போய்வர இந்த உடை வேண்டாம். காப்பு வைத்த வலைத்துணி ஜாக்கெட் போதும், அதையாவது தினமும் போட வேண்டும். நம் ஊர் தோலுக்குச் செய்கிற உண்மையான கொடுமை வியர்வை உப்பும் மழைக்காலப் பூஞ்சையும். ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைத்து, அகலமான ஹேங்கரில் நிழலில் மாட்டி, தோலுக்கான எண்ணெய்க் களிம்பை அளவாகத் தடவினால் தாக்குப்பிடிக்கும். மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் ஒரே கோடையில் அப்பளமாகிவிடும்.

சில நூறு மணி நேரம் ஓட்டியபின் உடை ஓட்டுபவரின் உடலாகவே மாறியிருக்கும். முழங்கை மடிப்பு, முழங்கால் மேடு எல்லாம் அவருடையதாக நிலைத்துவிடும். விழுந்து எழுந்த உடையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெரிய பந்தயங்களுக்கு உடை நிறுவனங்கள் தையல் இயந்திரத்தோடு வண்டியே கொண்டுவருகின்றன, தேய்ந்த துண்டை மட்டும் பிரித்துப் புதிது வைத்துத் தைக்கிறார்கள். மேலே ஒட்டுப்போடுவது வேறு, துண்டையே மாற்றுவது வேறு. முதலாவதை நம்பக் கூடாது. உள்ளே இருந்த காப்பு ஒரு பெரிய அடியை வாங்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பழைய உடை வாங்க வருகிறவர் தையல்களை விரித்துப் பார்க்கட்டும், தோலை மடித்து வெடிப்பு ஓடுகிறதா என்று பார்க்கட்டும், உள்துணியில் வெளியே தெரியாத மாற்றுத் துண்டின் தடம் இருக்கிறதா என்று தடவட்டும். எல்லாம் நன்றாயிருந்து, விலையும் படிந்து, போட்டுக் குனிந்து பார்க்கும்போது முழங்கை மடிப்பு தன் முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே விழுந்தால், கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.